பங்காய் கார்டினல்: அப்பா வாயில் வளரும் குஞ்சுகளை வீட்டில் கரைசேர்ப்பது எப்படி

கடற்கரை ஊர்களில் மீன் கழுவிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. சில சமயம் கடல் கெளுத்தியை வெட்டினால் வாய்க்குள்ளிருந்து கோலிக்குண்டு மாதிரி முட்டைகள் உருண்டு வரும். வயிற்றில் இருக்க வேண்டியது வாய்க்கு எப்படி வந்தது என்று சின்ன வயதில் கேட்டபோது, "எதையாவது விழுங்கியிருக்கும்" என்று வீட்டில் சொன்னார்கள். அது விழுங்கவில்லை. ஆண் கெளுத்தி முட்டைகளை வாயில் வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. நம் குளத்து ஜிலேபியும் வாயில்தான் அடைகாக்கும். அங்கே அந்த வேலை தாயுடையது.

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் இப்படி வாயில் அடைகாக்கும் மீனைப் பெருக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் நான் கைகாட்டுவது பங்காய் கார்டினலை மட்டும்தான். வெள்ளி உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, துடுப்புகளில் வெள்ளைப் பொட்டு, நீண்டு பிளந்த வால். எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. பைஜாமா கார்டினல், ஜாஃபிஷ் என்ற கடல்மீன்களும்கூட வாயில்தான் அடைகாக்கின்றன. ஆனால் அவற்றின் குஞ்சுகள் ஒரு வாரம், பத்து நாளிலேயே கண்ணுக்கு அரிதாகத் தெரியும் தூசியாக வெளியே வந்து நீரோட்டத்தில் மிதக்க ஆரம்பித்துவிடும். அந்தத் தூசிக்குத் தீனி போட ரோட்டிஃபர், கோபிபாட் என்ற நுண்ணிய நீர் உயிர்களுக்குத் தனியாக ஒரு பண்ணையே நடத்த வேண்டும். பங்காய் குஞ்சு அப்படியில்லை. அப்பா வாய்க்குள்ளேயே கிட்டத்தட்ட ஒரு மாதம் இருந்து, பட்டையும் பொட்டுமாக முழு மீனின் அச்சாக, 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளத்தில் வெளியே வரும். அன்றைக்கே ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலின் குஞ்சைத் தின்னும்.

இந்த மீனுக்கு ஆபத்து வந்ததும் இதே குணத்தால்தான். இதன் பூர்விகம் இந்தோனேசியாவில் மத்திய சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுக்கூட்டம். வேறு இடங்களில் இப்போது காணப்படுபவை வியாபாரிகள் கைவழி போய்ச் சேர்ந்தவை. குஞ்சுகள் நீரோட்டத்தில் பரவாததால் ஒரு விரிகுடாவில் பிடித்துத் தீர்த்துவிட்டால் பக்கத்து விரிகுடாவிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. 1920-இல் வால்டர் காவ்டெர்ன் என்ற சுவீடன்காரர் சேகரித்த மீனுக்கு 1933-இல் அவர் பெயரையே சேர்த்து டெராபோகன் காவ்டெர்னி என்று பெயரிட்டார்கள். அப்புறம் அறுபது ஆண்டுகள் உலகம் அதை மறந்தே போனது. 1990-களின் நடுவில் வண்ணமீன் சந்தைக்கு வந்ததும் ஆண்டுக்குப் பல லட்சம் என்று அள்ளினார்கள். 2007-இல் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக ஏறிவிட்டது. அதனால் வீட்டில் பிறந்த குஞ்சு ஒன்றைச் சக பொழுதுபோக்காளருக்குக் கொடுத்தால், கடலில் பிடித்ததை அவர் தேட வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். பல வழிகாட்டிகள் ஜோடி மீனிலிருந்து தொடங்கும். நான் தலைகீழாகச் சொல்லப்போகிறேன்: முதலில் குஞ்சுக்குத் தீனி, பிறகு ஒளிய இடம், கடைசியில் மீன். முட்டையிடுவதையும் அடைகாப்பதையும் மீன் உங்களைக் கேட்காமலே செய்துகொள்ளும். நாம் தோற்பது அதற்குப் பிறகுதான். எனக்குத் தலைச்சன் ஈத்தில் 23 குஞ்சுகள் கிடைத்தன. ஆர்ட்டீமியா டப்பா வாங்கி வைத்திருந்தேன், பொரித்துப் பார்க்கவில்லை. கடையில் எத்தனை வருடம் கிடந்ததோ, பத்து முட்டைக்கு ஒன்றுகூடப் பொரியவில்லை. வேறு டப்பா தேடி அலைந்து வருவதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. மிஞ்சியது ஆறு.

முதல் வேலை: ஆர்ட்டீமியா பாட்டில்

மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இதைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மூடி கீழே இருக்கும்படி தலைகீழாக நிறுத்துங்கள். உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, ஒரு கிராம் ஆர்ட்டீமியா முட்டை. ஏர் டியூபை அடிமுனை வரை இறக்கி நன்றாகக் கொதிக்கிற மாதிரி காற்று விடுங்கள். காற்றைப் பொடிக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோன் வேண்டாம், பெரிய குமிழிதான் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். 28 டிகிரி இருந்தால் போதும், சென்னையில் வருடத்தின் முக்கால்வாசி நாள் அந்தச் சூட்டை வீடே தந்துவிடுகிறது. 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு கலந்த செம்மண் நிறமாகும்.

இப்போது காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும், உயிருள்ளவை வெளிச்சம் இருக்கும் பக்கம் ஆரஞ்சு மேகமாகத் திரளும். அந்த மேகத்தை மட்டும் ஏர் டியூபால் உறிஞ்சி நுண்வலையில் வடிகட்டுங்கள். வலை கிடைக்காவிட்டால் நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்துப் பிடிக்கலாம். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத்தான் குஞ்சுத் தொட்டிக்குப் போக வேண்டும். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும். இந்தப் பிரிக்கும் வேலை சலிப்பாக இருந்தால் ஓடு நீக்கிய முட்டை வாங்கிக்கொள்ளுங்கள், விலை கூடுதல்.

பொரித்த ஆர்ட்டீமியா அப்பம் மாதிரி, சுடச்சுடத்தான் ருசி. பிறக்கும்போது அதன் உடலில் இருக்கும் சத்து மணிக்கு மணி கரைந்துகொண்டே போகும். ஆகவே பொரித்து ஏழெட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதற்கே தீனி கொடுத்துச் சத்தேற்ற வேண்டும். பிறந்து அரை நாள் ஆனதும் ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறக்கும். அப்போது புதிய உப்புத் தண்ணீரில் போட்டு, டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் மிகுந்த எண்ணெய்க் குழம்பை லிட்டருக்கு நாலைந்து துளி கலந்து, காற்றோட்டத்துடன் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். செல்கான் போன்ற பெயர்களில் அந்தக் குழம்பு கிடைக்கும். பங்காய் குஞ்சு விஷயத்தில் இதை விருப்பம்போல் செய்துகொள்ளும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஏன் என்று குஞ்சுக் கதை வரும்போது சொல்கிறேன்.

இரண்டு பாட்டில் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போட்டால் தினமும் புதிதாகக் கிடைக்கும். இரண்டு வாரம் தடங்கலில்லாமல் இதைச் செய்ய முடிந்தவர் மட்டும் அடுத்த பத்திக்குப் போகலாம்.

பொய் முள்ளெலி செய்வது

கடலில் பங்காய் குஞ்சுகள் வளர்வது கடல் முள்ளெலிகளின் (சீ அர்ச்சின்) முட்களுக்கு நடுவில். கறுப்பாக, ஊசி ஊசியாக, ஒரு சாண் நீளத்துக்கு முள் நீட்டிக்கொண்டிருக்கும் டயடீமா வகை அதற்குப் பிடித்தமானது. குஞ்சுகள் கடல் சாமந்தியின் (சீ அனிமோன்) கைகளுக்கு நடுவிலும் ஒதுங்கும். ஒளிய இடமில்லாவிட்டால் அப்பா துப்பிய குஞ்சை அப்பாவே தின்றுவிடும். ஒரு மாதம் பட்டினி கிடந்தவருக்குக் கண் தெரியாது.

நிஜ முள்ளெலி வாங்க வேண்டாம். அதற்குப் பெரிய தொட்டி வேண்டும், செத்தால் தண்ணீரைக் கெடுக்கும், கை வைத்தால் முள் ஒடிந்து விரலுக்குள்ளேயே நின்றுவிடும். மின்சாமான் கடையில் கிடைக்கும் கறுப்பு கேபிள் டை 40, எட்டு அங்குல நீளத்தில் வாங்குங்கள். கூடவே பிளம்பிங் கடையில் இரண்டு அங்குல பிவிசி குழாய்க்கான மூடி ஒன்று. மூடி முழுக்க நெருக்கமாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு டையை உள்பக்கத்திலிருந்து செருகுங்கள். டையின் தலை துளையில் தட்டி நின்றுவிடும், நுனி வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே சிலிகான் நிரப்பி, மிதக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லைப் பதித்து விடுங்கள். சிலிகான் வாங்கும்போது மீன்தொட்டிக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு கலந்த சிலிகான் மீனுக்கு விஷம். மூன்று நாள் காயவிட்டு, பிறகு இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் தயார்.

பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும். குஞ்சுகளுக்கு அந்தக் குறை தெரிவதில்லை. தொட்டியில் விட்ட அரைமணி நேரத்தில் ஒவ்வொன்றும் ஒரு முள்ளுக்குப் பக்கத்தில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அசையாமல் நின்றுவிடும். அவற்றின் கறுப்புப் பட்டை முள்ளின் நிழலோடு கலந்துபோய், எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வரும். இரண்டு முள்ளெலி செய்யுங்கள்: ஒன்று பெரிய தொட்டிக்கு, ஒன்று குஞ்சுத் தொட்டிக்கு.

தொட்டியும் தண்ணீரும்

இதற்கு அதிகம் சொல்ல மாட்டேன், கடல்நீர்த் தொட்டிக்குப் பொதுவான விதிகள்தான். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி போதும்; 150 லிட்டர் சொச்சம் பிடிக்கும். நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும், இது நின்ற இடத்தில் நிற்கும் மீன். உப்பின் அடர்த்தி 1.023 முதல் 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, பிஎச் 8.1-க்கும் 8.4-க்கும் நடுவில். மீன் இல்லாமல் நாலு முதல் ஆறு வாரம் ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீன். அந்த நாட்களில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் அதே தொட்டியில் போட்டுப் பழக்கிவிடுங்கள், பிறகு குஞ்சுத் தொட்டிக்கு உதவும்.

நம் ஊரில் புதியவர்கள் வழுக்கும் இடங்கள் மூன்று. வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் குழாய்த் தண்ணீரை அது சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும். அதை மூடிவிட்டு, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பத்துக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்த பிறகே உப்புக் கரையுங்கள். கேன் தண்ணீரையும் அளக்காமல் நம்ப வேண்டாம். இரண்டாவது, ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அல்ல. குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரையே ஊற்ற வேண்டும். மூன்றாவது, கோடை. மே மாதத்தில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இல்லாத தொட்டி 31 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். மின்விசிறியை நீர்ப்பரப்பில் வீசவிட்டால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும்; கடலோரப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சில்லர் இல்லாதவர்கள் ஐப்பசி முதல் மாசி வரை இந்த முயற்சியை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

அலங்காரத்துக்குப் பவளப் பாறை தேடிப் போக வேண்டாம். நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பீங்கான் பாறையே போதும். இந்த மீனுக்கு அழகான பாறையைவிட அசிங்கமான கேபிள் டைதான் பிடிக்கிறது.

மீன் வாங்கி ஜோடி சேர்ப்பது

தொட்டியில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடலில் பிடித்து வந்த பங்காய்களுக்கு இரிடோவைரஸ் என்ற நோய் அடிக்கடி வருகிறது. தீனியை ஒதுக்கும், நிறம் கறுத்துப்போகும், வெள்ளை நூல் மாதிரி மலம் போகும், சில நாளில் போய்ச் சேரும். மருந்து கிடையாது. சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் எத்தனையோ கடைகள் இருக்கின்றன, எங்கே வாங்கினாலும் உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து தின்னாத மீனுக்குக் கடைக்காரர் சொல்லும் காரணம் எதுவானாலும் வாங்காமல் திரும்புங்கள். வீட்டுக்கு வந்ததும் தனித் தொட்டியில் ஒரு மாதம்.

ஆண் எது பெண் எது என்று கடையில் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். முதுகுத் துடுப்பின் நீளம், தாடையின் சதுரம் என்று ஆளுக்கொரு அடையாளம் சொல்வார்கள். வாயில் முட்டை இருக்கும்போது மட்டும்தான் நான் பந்தயம் கட்டுவேன். எளிய வழி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் ஐந்தாறு குஞ்சுகளாக வாங்கி ஒன்றாக வளர்ப்பது. சிறுவயதில் கூட்டமாக, சாதுவாக இருக்கும். வளர்ந்ததும் பெயருக்கேற்ற மாதிரி பங்காளிச் சண்டை தொடங்கிவிடும். இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை நெருங்கவிடாமல் துரத்தினால் அதுதான் ஜோடி. மற்றவற்றை அன்றைக்கே வெளியே எடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் துடுப்பு கிழிந்து மூலையில் கிடக்கும் மீனைத்தான் எடுப்பீர்கள்.

ஜோடிக்குத் தினம் இரண்டு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சின்னக் கடல் உயிரி), சத்தேற்றிய ஆர்ட்டீமியா, பொடியாக நறுக்கிய இறால். சந்தையில் பச்சைக் கூனி கிடைக்கும் நாளில் ஆர்ஓ தண்ணீரில் அலசி, தட்டையாகப் பரப்பி உறைய வைத்து, தேவைக்கு ஒடித்துப் போடுகிறேன். உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் சாகும், எல்லாக் கிருமியும் சாகாது. அந்த ஆபத்து வேண்டாம் என்பவர்கள் பாக்கெட் தீனியோடு நிற்கலாம்.

முட்டை கைமாறும் நாள்

இந்த மீனில் பெண் கேட்டு வருவது பெண்தான். ஆணின் பக்கவாட்டில் ஒட்டி நின்று உடம்பு முழுக்க நடுங்கும். ஆண் கண்டுகொள்ளாத மாதிரி நிற்கும்; அது மறுபடி வந்து நடுங்கும். சில ஜோடிகளில் இது சில மணி நேரம், சிலவற்றில் சில நாள். பெண்ணின் வயிறு பருத்து, ஆணின் வாய் அவ்வப்போது கொட்டாவி விடுவது போல் அகலத் திறந்தால் நேரம் நெருங்கிவிட்டது. பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் நடக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து முட்டை பெண்ணிடமிருந்து வெளியே வரும், ஆண் திரும்பி அதை அப்படியே வாயில் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு முட்டையும் 3 மில்லிமீட்டர் அளவு. நுண்ணிய நூல்களால் பிணைந்திருப்பதால் கொத்து சிதறாது. மொத்தம் 40, 60 இருக்கும். இரண்டு மூன்று தரையில் விழுந்தால் போகட்டும், கையை விடாதீர்கள்.

மறுநாள் காலை ஆணைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளை மாதிரி கீழ்த்தாடை உப்பியிருக்கும். தீனி போட்டால் பார்க்கும், வாய் திறக்காது.

வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்குமே, அதில் அன்றைய தாளில் 1 என்று எழுதிவிட்டு, 20, 22, 28 என்று முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் எல்லோரும் தொட்டியில் மிச்சமிருந்த இரண்டு குஞ்சைத்தான் கண்டார்கள்.

முதல் ஈத்து நாலைந்து நாளில் காணாமல் போனால் பதற வேண்டாம். இளம் ஆண் பயந்தோ, பசித்தோ, முட்டை கருவாகாமலோ விழுங்கிவிடுவது வழக்கம். இரண்டு மூன்று தடவைக்குள் கற்றுக்கொள்ளும். அதற்குள் நீங்கள் தொட்டியை மாற்றி, மீனை மாற்றி, மருந்து ஊற்றி அதைக் கலவரப்படுத்தாமலிருந்தால் போதும்.

விரதம்

அடுத்த மூன்று நாலு வாரம் அப்பாவுக்குப் பச்சைத் தண்ணீர் விரதம். அவ்வப்போது வாயைப் பாதி திறந்து முட்டைகளைப் புரட்டிவிடும், பெரிய இட்லியை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேச முயல்வது போலிருக்கும். பெண்ணுக்கு மட்டும் அமைதியாகத் தீனி போடுங்கள். பாறையை நகர்த்துவது, கண்ணாடி சுரண்டுவது, விருந்தாளிகளைக் கூட்டிவந்து கண்ணாடியைத் தட்டிக் காட்டுவது எதுவும் வேண்டாம். தண்ணீர் மாற்றலாம், மெதுவாக.

முட்டைகள் சுமார் 20 நாளில் வாய்க்குள்ளேயே பொரியும். அதற்குப் பிறகும் குஞ்சுகள் வெளியே வராது, ஏறக்குறைய பத்து நாள் உள்ளேயே தங்கி மஞ்சள்கருவைக் கரைத்துக்கொள்ளும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சில நாள் முந்தும். 22-ஆம் நாளுக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு, சிறிய டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பொறுமையாகப் பாருங்கள். வாய் திறக்கும் அந்த நொடியில் உள்ளே வெள்ளி வெள்ளியாகக் கண்கள் மினுங்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைப் பார்க்க நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிடுகிறேன்.

அப்பாவை இடம் மாற்றுவது

எல்லாமே தங்குவதும் கெடுவதும் இந்த ஐந்து நிமிடத்தில். சீக்கிரம் மாற்றினால் அதிர்ச்சியில் பொரியாத முட்டையைத் துப்பிவிடும், தாமதித்தால் குஞ்சு பெரிய தொட்டியில் விழும். முட்டை பொரிந்து முடித்த 22 முதல் 24-ஆம் நாள் எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

அதற்கு முன்தினமே குஞ்சுத் தொட்டி தயாராக இருக்க வேண்டும். 25 லிட்டர் போதும், மணல் வேண்டாம். தண்ணீர் முழுக்கப் பெரிய தொட்டியிலிருந்தே எடுத்தது; பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்; நடுவில் பொய் முள்ளெலி; மூன்று பக்கமும் வெளியே கறுப்புத் தாள். வெப்பமும் உப்பும் இரண்டு தொட்டியிலும் ஒன்றாக இருக்கட்டும்.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். வலையைத் தொடாதீர்கள், வலையில் சிக்கித் துள்ளினால் வாயில் உள்ளது வெளியே வந்துவிடும். இரண்டு லிட்டர் பிடிக்கும், வாய் அகன்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாடியைப் பக்கவாட்டில் சாய்த்துத் தண்ணீருக்குள் இறக்குங்கள். மங்கலான வெளிச்சத்தில் மீன் அரைத்தூக்கத்தில் நிற்கும். இன்னொரு கையால் அதன் வால்பக்கம் மெல்ல நகர்ந்தால் அது தானாக முன்னே நழுவி ஜாடிக்குள் போகும். விரட்டக் கூடாது, ஓடினால் கையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே போனதும் ஜாடியை நிமிர்த்தி, தண்ணீரோடு தூக்கி, குஞ்சுத் தொட்டியில் அப்படியே அமிழ்த்திச் சாய்த்துவிடுங்கள். மீன் ஒரு கணம்கூடக் காற்றைப் பார்க்கக் கூடாது.

ஆணைக் கையில் பிடித்து வாயைத் திறந்து குஞ்சுகளை உதிர்த்தெடுப்பவர்களும் உண்டு. பழகிய கைகளின் வேலை அது. புதியவர்கள் முயன்றால் தாடை போகும்.

அதன் பிறகு காத்திருப்பு. ஒரே மூச்சில் துப்பாது. ஐந்து, பத்து என்று ஒன்றிரண்டு நாளில் விடும். அதுவரை தினமும் முள்ளெலியைச் சுற்றிப் பாருங்கள். தாடை தட்டையாகி, கண்ணாடி அருகே வந்து உங்கள் விரலைப் பசியோடு பார்க்க ஆரம்பித்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். உடனே அதே ஜாடியில் வெளியே எடுத்து, ஒரு சின்னப் பெட்டியில் வைத்து மைசிஸ் போடுங்கள். விரதம் முடித்தவருக்கு முதல் வேளை பாதி வயிறுதான், பிறகு வேளைகளைக் கூட்டலாம். பெரிய தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால் பெண் ஒரு வாரத்திலேயே மறுபடி நடுங்க ஆரம்பிக்கும், இதுவும் மறுக்காது. அடுத்தடுத்து இரண்டு விரதம் வந்தால் தோள் ஒட்டிப் போய்விடும். இடையில் மூன்று வாரமாவது தடுப்புக் கண்ணாடி போட்டுத் தனித்தனியாக வைத்து உடம்பைத் தேற்றுங்கள்.

குஞ்சுகள்

பிறந்த அன்றே தீனி. புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா காலையில், சத்தேற்றியது மதியமும் மாலையும். நாளைக்கு நாலைந்து வேளை, கொஞ்சமாக. தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். அரைமணி நேரம் கழித்தும் ஆரஞ்சு இல்லாத குஞ்சு எது என்று தேடுவதே உங்கள் தினசரி வேலை.

சத்தேற்றுவது ஏன் முக்கியம் என்றேனே, இதனால்தான். வெறும் ஆர்ட்டீமியாவில் வளர்ந்த பங்காய் குஞ்சுகள் முதல் வாரங்களில் பார்வைக்குக் கொழுகொழு என்றிருக்கும். ஒருநாள் நீங்கள் விளக்கைப் பட்டென்று போடுவீர்கள், அல்லது கதவு அறைந்து சாத்தும். குஞ்சுகள் சுழன்று, பக்கவாட்டில் சாய்ந்து, தரையில் விழுந்து கிடக்கும். சில எழுந்துகொள்ளும், பல எழாது. திடீர் அதிர்ச்சிச் சாவு என்று வளர்ப்பவர்கள் சொல்லும் இதற்கு டிஎச்ஏ போன்ற கொழுப்பு அமிலங்களின் பற்றாக்குறையைத்தான் காரணம் காட்டுகிறார்கள். சத்தேற்றிய தீனிக்கு மாறிய பிறகு என் தொட்டியில் அது வரவில்லை. இருந்தாலும் எச்சரிக்கையாக, இரவில் அறையில் ஒரு மங்கலான பல்பு எரியவிடுகிறேன். காலையில் முதலில் ஜன்னல் திரை, அரைமணி கழித்துத் தொட்டி விளக்கு. கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னதும் இதற்காகத்தான்.

மிஞ்சிய ஆர்ட்டீமியா செத்து அடியில் படியும். தினமும் ஏர் டியூபால் உறிஞ்சி வெளியேற்றி, எடுத்த தண்ணீருக்கு ஈடாகப் பெரிய தொட்டியின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் போதும். உறிஞ்சியதை வெள்ளை வாளியில் விடுங்கள். எப்போதும் ஒரு குஞ்சு கூடவே வந்துவிடும், வெள்ளை அடியில்தான் கண்ணுக்குப் படும்.

மூன்று நாலு வாரத்தில் பொடியாக அரைத்த மைசிஸைக் கலக்கத் தொடங்கலாம். அசையாத தீனியை முதலில் மதிக்காது. உயிருள்ள ஆர்ட்டீமியா போட்டு எல்லாம் பரபரத்துத் தின்னும் நேரத்தில் கூடவே போட்டால் தவறுதலாகத் தின்னப் பழகும். இரண்டு மாதத்தில் பொடித்தீனிக்கும் வந்துவிடும். அளவில் பின்தங்கிய குஞ்சுகளைத் தனியாகப் பிரித்துவிடுவது நல்லது. தின்றுவிடாது, ஆனால் தீனியிலிருந்து தள்ளிவிடும்.

மூன்று மாதத்தில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரும். அந்த அளவில் கைமாற்றலாம். கொடுப்பதற்கு முந்தின நாள் தீனி வேண்டாம், வயிறு காலியாக இருந்தால் பையில் தண்ணீர் கெடாது. ஒரு பையில் இரண்டு மீன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், பிறந்த தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. சீட்டு எதற்கென்றால், உங்களிடமிருந்து ஆறு குஞ்சு வாங்கிப் போகிறவர் அவற்றிலேயே ஜோடி சேர்த்தால் அது அண்ணன் தங்கை ஜோடி. அவரிடம் மூன்று கொடுத்து, வேறொருவர் வீட்டு ஈத்திலிருந்து மூன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கும் அங்கிருந்து இரண்டு கேட்டு வையுங்கள்.